எதற்காக அழுதான் சுயம்பு

சுயம்பு நான்காவது முறையாக அழுதபோதும் அவன் நெஞ்சில் ஒட்டியிருந்த தகடு எரிந்தது. நீல வெளிச்சம் தெரிந்ததும் வட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள். நண்டுக் கொட்டகையில் வேலை பார்க்கும் இசக்கி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வட்டத்தை நடத்திய பேராசிரியை உலகம்மாளுக்கு மட்டும் எங்கேயோ இடித்தது.

அவருக்கு இடிப்பது ஒன்றும் அதிசயமில்லை. பால் பாக்கெட்டில் தேதியை இரண்டு முறை பார்ப்பவர். காய்கறிக்காரர் தராசைத் தூக்கினால் காயைப் பார்க்கமாட்டார், அந்த ஆளின் சுண்டுவிரலைப் பார்ப்பார். போலீசுக்குப் போயிருக்க வேண்டியவள் தெரியாமல் வாத்தியாராகிவிட்டாள் என்று கணவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஆனால் இந்த முறை இடித்ததற்குக் காரணம் இருந்தது. ஒரே பையன் நான்கு குற்றம் செய்கிறான், நான்குக்கும் மனதார வருந்துகிறான். மனதார வருந்துகிறவன் நான்காவது தடவை எதற்காகச் செய்கிறான்?

தேரிக்காட்டின் செம்மணல் முடிந்து கடல் தொடங்கும் இடத்தில் இருந்தது அந்தப் பல்கலைக்கழகம். மீன், இறால், நண்டு, இவைதான் அங்கே படிப்பு. முன்பெல்லாம் தப்பு செய்த மாணவனை விசாரணைக் குழு கூப்பிடும், குறுக்குக் கேள்வி கேட்கும், இடைநீக்கம் செய்யும். பாதிக்கப்பட்டவரையும் அதே நாற்காலியில் உட்கார வைத்து அதைவிட மோசமாகக் கேள்வி கேட்கும். அதைப் பார்த்து வயிறெரிந்து, சீரமைப்பு நீதி என்ற வழியைப் போராடிக் கொண்டுவந்தவர்களில் உலகம்மாளும் ஒருவர். செய்தவர் தானே முன்வந்து ஒப்புக்கொள்ள வேண்டும். பாதிக்கப்பட்டவரோடு வட்டமாக உட்கார வேண்டும். ஒரு வலம்புரிச் சங்கு கைமாறிக்கொண்டே வரும். சங்கு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். கடைசியில் உடைந்ததை எப்படிச் சரிசெய்வது என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுப்பார்கள். தண்டனை கிடையாது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் ஊரில் நல்ல ஏற்பாட்டை யாரும் நம்பமாட்டார்கள். இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டால் தப்பித்துவிடலாமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் தகடு வந்தது. நாடி, வியர்வை, மூச்சு எல்லாவற்றையும் படித்து, உடம்பு உண்மையிலேயே வருந்தினால் மட்டும் அது எரியும். பொய்யாக அழலாம், பொய்யாக வருந்த முடியாது என்றார்கள் அதைச் செய்தவர்கள். முதல் அமர்விலும் முடிக்கும் அமர்விலும் தகடு கடைசிவரை எரிந்தால் வழக்கு முடிந்தது, பதிவுகளை அழித்துவிடுவார்கள், பிறகு யாரும் அதைத் தோண்ட முடியாது. எரியாவிட்டால் பழைய விசாரணைக் குழுவுக்கே போய்விடும். தகடு வந்த பிறகு ஒரு வழக்குகூட அங்கே போகவில்லை. குழுவின் அறையில் இப்போது பழைய கணினிகளைப் போட்டு வைத்திருந்தார்கள்.

இந்த முறை செத்தது பெர்னதெத்தின் நண்டுக் குஞ்சுகள். ஆய்வு மாணவி. அவளுடைய வழிகாட்டி டீன் சிதம்பரநாதன் புதுத் தீவனம் ஒன்று கண்டுபிடித்திருந்தார். அதைத் தின்ற குஞ்சுகளும் சாதாரணத் தீவனம் தின்ற குஞ்சுகளும் எப்படி வளர்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவள் ஆராய்ச்சி. சாதாரணத் தீவனத் தொட்டியில் இருந்த அத்தனையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காற்று இல்லாமல் செத்து மிதந்தன. காலைப் பூசைக்குப் போய்விட்டு, வீட்டில் சாப்பிட்டு, மத்தியானம் திரும்பியவள்தான் பார்த்தாள். அன்று சாயங்காலமே சுயம்பு டீன் முன்னால் போய் நின்று ஒப்புக்கொண்டான். அன்றைக்குக் கொட்டகைப் பொறுப்பு அவனுடையது. காற்றடிக்கும் மோட்டாரின் இரைச்சலில் ஃபோன் பேச முடியவில்லை, நிறுத்தினேன், திரும்பப் போட மறந்துவிட்டேன் என்றான்.

உலகம்மாள் முதலில் சந்தேகப்பட்டது தகட்டை. அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கணவர் நெஞ்சில் ஒட்டி, என்னைக் கேட்காமல் என் ஸ்கூட்டரை விற்றீர்களே, வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டார். ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்றார் அவர். தகடு எரியவில்லை. தகட்டில் கோளாறு இல்லை என்பது உறுதியானது. அன்று இரவு கணவருக்குத் தோசை தரமாகக் கிடைக்கவில்லை.

அடுத்து பெர்னதெத்தைப் போய்ப் பார்த்தார். அவள் கொட்டகையில் காலித் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். முடிக்கும் அமர்வு வெள்ளிக்கிழமை, அதற்கு மனசு தயாரா என்று கேட்டார் உலகம்மாள். அவள் பிரஷைக் கீழே வைக்கவில்லை.

"சுயம்பு அழுததுல எனக்குச் சந்தேகம் இல்ல மேடம். ஆனா ஒரு தடவகூட என்னையோ தொட்டியையோ பாக்கல. நாங்க பாவசங்கீர்த்தனத்துக்குப் போனா, எந்தப் பாவம்னு சொல்லணும். சும்மா அழுதா சாமியார் மன்னிப்பு குடுக்க மாட்டாரு. இங்க எரிஞ்சா போதும்னு விட்டுருதோம்."

உலகம்மாளுக்கு அது பாதிதான் காதில் விழுந்தது. காரணம், அவர் கண் பக்கத்துத் தொட்டிகளில் நின்றுவிட்டது. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் மூன்று. எல்லாவற்றிலும் குமிழி கொப்பளித்துக்கொண்டிருந்தது. ஒன்றில் டீனின் தீவனம் தின்ற நண்டுக் குஞ்சுகள், மற்றவற்றில் இறால் குஞ்சுகள், எல்லாம் உயிரோடு நீந்திக்கொண்டிருந்தன. கொட்டகை முழுக்க ஒரே மோட்டார், ஒரே குழாய். அதிலிருந்து தொட்டிக்கு ஒன்றாகக் கிளைக் குழாய் பிரிந்தது. ஒவ்வொன்றின் கழுத்திலும் காற்றைத் திறந்து மூட ஒரு திருகு. மோட்டாரை நிறுத்தியிருந்தால் ஆறு தொட்டியும் செத்திருக்க வேண்டும். செத்தது ஒன்று.

அவர் மறுபடி ஒரு முறை எண்ணிப் பார்த்தார். இவ்வளவு வெளிச்சத்தில் கிடந்த விஷயத்தை ஏன் ஒருத்தரும் பார்க்கவில்லை? பார்க்கக் கூடாது என்று விதி இருந்தது. வட்டத்தில் விசாரணை இல்லை. ஒப்புக்கொண்டவரிடம் நடத்துநர் எப்படி, எங்கே, ஏன் என்று குடையக் கூடாது. அந்த விதியை எழுதியதே உலகம்மாள்தான். பாதிக்கப்பட்டவர்களை நோகடிக்கும் கேள்விகளுக்குக் கதவை அடைத்தவர், எல்லாக் கேள்விகளுக்கும் சேர்த்து அடைத்துவிட்டார். அதுவரை அவன் வருத்தம் பொய்யோ என்றுதான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். பொய் வருத்தத்தில் இல்லை, குற்றத்தில் இருந்தது.

இதைப் பெர்னதெத்திடம் உடனே சொல்லத் துடித்த வாயை அடக்கிக்கொண்டார். யாரை நம்புவது என்று தெரியவில்லை. இசக்கி வாசலில் நின்று பார்ப்பதுகூட வேவு பார்ப்பதுபோல் பட்டது. பாவம், அவள் தரை கழுவ வந்திருந்தாள்.

சுயம்புவைக் கடற்கரையில் வலை காயப்போடும் இடத்தில் பிடித்தார். மத்தியான வெயிலில் அங்கே ஆள் நடமாட்டம் இல்லை. ஒல்லியான பையன், மேடம் என்று எழுந்து நின்றவனை உட்கார வைக்கவே நேரமாயிற்று. உலகம்மாள் சுற்றி வளைக்கவில்லை. மோட்டாரை நிறுத்தினால் பக்கத்து இறால் எப்படிப் பிழைத்தது என்று கேட்டார். அவன் மணலைக் கிண்டத் தொடங்கினான்.

"விசாரிக்கக் கூடாதுல்லா மேடம்," என்றான் கடைசியில்.

"நான் விசாரிக்கல. வெயில்ல உக்காந்து உங்கிட்ட பேசிக்கிட்டு இருக்கேன். அந்தத் தொட்டியில நீ கை வச்சியா?"

"இல்ல."

"அப்ப எப்பிடிலே எரியுது?"

அதற்கு அவன் சொன்ன கதை நீளம். உலகம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டார். அவனுக்கு ஒரு அக்கா, பெயர் சீதாலட்சுமி. அவனைவிட நன்றாகப் படிப்பவள். கல்லூரியில் ஒருவனை விரும்பினாள். தம்பியிடம் மட்டும் சொல்லியிருந்தாள். ஏதோ ஒரு சண்டையில், புது செல்ஃபோனுக்காக வந்த சண்டை, அவன் போய் அப்பாவிடம் போட்டுக்கொடுத்துவிட்டான். அந்த மாதமே அவள் படிப்பை நிறுத்தி, சூரத்தில் யாரோ தூரத்துச் சொந்தத்துக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அவளுக்கென்று வைத்திருந்த பணத்தில்தான் அவன் இங்கே சேர்ந்தான். அவள் இன்றுவரை அவனோடு பேசவில்லை. ரயில் ஏறும்போது திரும்பி ஒரு பார்வை பார்த்தாளாம். அதை நினைத்தால் போதும், தகடு எரியும்.

முதல் வழக்கு மட்டும் உண்மையிலேயே அவன் செய்தது; நண்பனின் நுண்ணோக்கியை உடைத்துவிட்டு மறைத்தான். அன்று தகடு எரிந்த பிரகாசத்தைப் பார்த்து டீன் ஆச்சரியப்பட்டு, தனியே கூப்பிட்டு, தோளில் கைபோட்டு, அப்படி என்னப்பா நினைத்தாய் என்று கேட்டார். இவன் அக்கா கதையைச் சொன்னான். அவர் கண்கலங்கிக் கேட்டார். அப்புறம் ஒரு நாள் கூப்பிட்டார். துறையில் ஒரு சின்னத் தவறு நடந்துவிட்டது, செய்தவருக்கு வருந்தத் தெரியாது, வழக்கு குழுவுக்குப் போனால் பலர் பிழைப்பு கெடும், நீ ஒப்புக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை என்றார். தண்டனையே கிடையாதே. இரண்டாவது அப்படி. மூன்றாவதும் அப்படி.

உலகம்மாளுக்குக் கோபம் தலைக்கேறியது. பையன்மேல் பாதி, தன்மேல் பாதி. அந்த டீன் ஒவ்வொரு வட்டத்திலும் ஓரமாக உட்கார்ந்து, மனிதர்கள் திருந்துவதைப் பார்க்கும்போது மெய்சிலிர்க்கிறது என்று சொல்வார். இவரும் தலையாட்டியிருக்கிறார்.

"அவர் உன்னைய மிரட்டினாரா?"

"இல்ல மேடம். எனக்கே அது ஒரு மாதிரி சரின்னு பட்டுது. எப்பிடியும் நான் தப்பு செஞ்சவன்தானே. அக்காவுக்குச் செஞ்சதுக்கு யாரும் என்னைய ஒண்ணும் சொல்லல. இங்க வட்டத்துல நாலு பேரு என்னையப் பாத்து, இப்பிடிச் செஞ்சிட்டியேன்னு சொன்னா, கொஞ்சம் பாரம் குறைஞ்ச மாதிரி இருக்கு."

உலகம்மாளுக்கு அழுகை வந்தது. வெளியே காட்டவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை டீன் எப்போது கூப்பிட்டார் என்று கேட்டார். காலையிலேயே ஃபோன் பண்ணினாராம். பெர்னதெத்தின் தொட்டி செத்துவிட்டது, சாயங்காலம் வந்து ஒப்புக்கொள் என்றாராம்.

"பெர்னதெத் மத்தியானம்தானே பாத்தா?"

சுயம்பு மணலைக் கிண்டுவதை நிறுத்தினான். அது வரைக்கும் அவனுக்கு அது உறைக்கவே இல்லை. முகம் வெளுத்துப்போய் உலகம்மாளைப் பார்த்தான்.

மிச்சத்தை அவர் தானே கூட்டிப் பார்த்துக்கொண்டார். டீனின் தீவனத்தைக் கடலோர நண்டுப் பண்ணைகளுக்கெல்லாம் கொடுக்க ஒப்பந்தம் தயாராகிக்கொண்டிருந்தது. சாதாரணத் தீவனக் குஞ்சுகள் அதைத் தின்றவற்றைவிட நன்றாக வளர்கின்றன என்று பெர்னதெத் போன மாதம் துறைக் கூட்டத்தில் தயங்கித் தயங்கிச் சொன்னாள். தொட்டி செத்தால் ஒப்பீடு இல்லை, ஒப்பீடு இல்லாவிட்டால் அவள் பேச்சுக்கு ஆதாரம் இல்லை. வெள்ளிக்கிழமை தகடு ஒரு முறை எரிந்துவிட்டால் எல்லாம் கவனக்குறைவு என்று முடிந்து, பதிவும் அழிந்துவிடும். இரண்டு வருட உழைப்பு போனது போனதுதான். அவளுக்கு அது ஏன் போனது என்றுகூடத் தெரியாது.

டீன் அறைக்குப் போனார் உலகம்மாள். அமர்வைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமா என்று மட்டும் கேட்டார். சிதம்பரநாதன் எழுந்து நாற்காலி போட்டார், இளநீர் வரவழைத்தார். அந்தப் பிள்ளை மனம் ஆற வேண்டாமா, தள்ளிப்போட்டால் ரணம் ஆறுமா என்று கேட்டார். பிறகு புன்னகை மாறாமல், "கொட்டகைக்குப் போயிருந்தீங்கன்னு கேள்விப்பட்டேன். வட்டத்துல விசாரணை கிடையாதுன்னு எழுதினது நீங்கதானே மேடம்?" என்றார்.

இளநீரை உலகம்மாள் குடிக்கவில்லை. அதில் ஏதாவது கலந்திருக்கும் என்று இல்லை. அந்த நேரத்தில் அவர் எதையும் நம்பவில்லை, அவ்வளவுதான்.

அவர் கையில் ஒரே ஒரு வழி இருந்தது. சுயம்புவிடம் அதைச் சொன்னபோது அவன் பயந்துபோனான். வட்டத்தை முடிக்க நடத்துநருக்கு அதிகாரம் உண்டு, உடைக்க அதிகாரம் இல்லை. ஒப்புக்கொண்டதைத் திரும்பப் பெறவும் விதி இடம் கொடுக்கவில்லை. தகடு எரியாமல் இருந்தால் மட்டுமே வழக்கு வெளியே போகும். விசாரணைக் குழுவில் வெளி ஆட்கள் உண்டு. ஃபோன் பதிவைக் கேட்பார்கள், கொட்டகையைப் பார்ப்பார்கள்.

"உன்னையும் கேப்பாங்க," என்றார் உலகம்மாள். "மூணு தடவ பொய் சொல்லியிருக்க. உன்னைய வெளிய அனுப்பினாலும் அனுப்புவாங்க. காப்பாத்துதேன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா ஒரு நாளைக்கு, ஒரே ஒரு நாளைக்கு, நீ இந்தக் குத்தத்தச் செய்யாதவனா உக்காரணும். முடியுமா?"

"அது தெரியல மேடம். அங்க உக்காந்தாலே அக்கா ஞாபகம் வந்துரும்," என்றான்.

வெள்ளிக்கிழமை வட்டம் கூடியது. பெர்னதெத்துக்குத் துணையாக அவள் அப்பா கஸ்பார் வந்திருந்தார். கடலுக்குப் போகிறவர், இந்த அறையின் குளிரில் சுருங்கி உட்கார்ந்திருந்தார். இசக்கி, டீன், சுயம்பு, உலகம்மாள். சுயம்பு சட்டைப் பொத்தானைத் திறக்க, உலகம்மாள் தகட்டை ஒட்டினார். ஒட்டிய மாத்திரத்தில் அது எரியத் தொடங்கியது. டீன் திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

சங்கு கஸ்பாரிடம் போனது. மகளுக்கு இரண்டு வருடமாக நல்ல நாள் கிழமை இல்லை, நண்டு நண்டு என்றே கிடந்தாள் என்றார். அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுப் போ என்று இருத்தியது தான்தான் என்று சொல்லித் துண்டால் முகத்தைத் துடைத்தார். சுயம்பு குனிந்துகொண்டான். வெளிச்சம் இன்னும் கூடியது. இசக்கி சங்கை அப்படியே நகர்த்தினாள். டீன் சங்கை வாங்கி, மனம் வருந்தும் மாணவனைப் பெற்றதில் பெருமை என்று நாலு வார்த்தை பேசினார். உலகம்மாள் சங்கு தன்னிடம் வந்தபோது பேசவில்லை. பேசினால் கத்திவிடுவோம் என்று பயந்தார். அப்படியே பெர்னதெத் கையில் கொடுத்துவிட்டார்.

பெர்னதெத் சங்கை மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

"சுயம்பு, நிமிந்து என்னையப் பாருங்க. நீங்க பொய்யா அழல, அது தெரியுது. எதுக்கு அழுதியன்னுதான் தெரியல. என் நண்டுக்கா?"

இது விதிக்கு விரோதம் என்று டீன் உலகம்மாளைப் பார்த்தார். உலகம்மாள் ஜன்னலைப் பார்த்தார். நடத்துநர்தானே விசாரிக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவர் கேட்கக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?

பெர்னதெத் எழுந்து போய்ச் சங்கை அவன் கையில் வைத்தாள். அவன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பிறகு அக்காவைப் பற்றிச் சொன்னான். செல்ஃபோன் சண்டை, அப்பா, சூரத், ரயில். முதல் தடவையாக ஒரு வட்டத்தில் தான் எதற்காக அழுகிறான் என்பதைச் சொன்னான். தகடு அறைச் சுவரெல்லாம் நீலமாக்கி எரிந்தது. இசக்கி வாய்விட்டு அழுதாள். அவன் முடித்ததும் பெர்னதெத் சங்குக்குக் கை நீட்டினாள்.

"அத நீங்க உங்க அக்காட்டப் போய்ச் சொல்லணும்," என்றாள், கோபம் இல்லாமல். "சூரத்துக்குப் போங்க. அவ கதவ அடைச்சாலும் நின்னு சொல்லுங்க. என்ட்ட எதுக்குச் சொல்லுதிய? எனக்கு நீங்க என்ன செஞ்சிய?"

சங்கைத் திரும்ப அவன் கையில் வைத்தாள். அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான், அது முகத்தில் தெரிந்தது. தொட்டியை, குழாயை, தான் தொடாத அந்தத் திருகை நினைத்துப் பார்த்தான்போல. அவளை நேராகப் பார்த்தான்.

"உங்களுக்கு நான் ஒண்ணும் செய்யல," என்றான்.

தகடு மெல்ல மெல்ல மங்கி அணைந்தது. கஸ்பார் மகளைப் பார்த்தார். மகள் திரும்பி, அவசரமே இல்லாமல், டீனைப் பார்த்தாள்.

இத்தனை வருடத்தில் சங்கு கையில் இல்லாமல் சிதம்பரநாதன் பேசி யாரும் கேட்டதில்லை. அன்று பேசினார். தகட்டில் சார்ஜ் இல்லை போலிருக்கிறது, வேறொன்று ஒட்டிப் பார்க்கலாம், இன்னொரு நாள் உட்காரலாம், பையன் களைத்திருக்கிறான் என்று அடுக்கினார்.

"விதி அப்படி இல்ல சார்," என்றார் உலகம்மாள். "எரியலைன்னா குழுவுக்குப் போகணும். இன்னைக்கே எழுதி அனுப்புதேன். அந்த ரூம்ல கிடக்குற கம்ப்யூட்டரையெல்லாம் எடுக்கச் சொல்லணும்."

டீன் எழுந்தார். வெளியே போகிறவர் சுயம்புவின் நாற்காலி அருகே நின்று, பழைய நாளில் போட்ட அதே கையை அவன் தோளில் போட்டார். குரலைத் தாழ்த்தினார், ஆனால் அறை அவ்வளவு அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"யோசிச்சுக்கோ தம்பி. அங்க கேள்வி கேட்டுத் துளைப்பாங்க. அங்க அழுதா எடுபடாது."

சுயம்பு நெஞ்சிலிருந்து தகட்டைப் பிய்த்து எடுத்தான்.

"அழ மாட்டேன் சார்," என்றான்.